கப்பல் நர்சம்மா கியர் எண்ணெய் மாற்றிய நாள்

கடவுளிடம் ஒரு கார் இருந்து, அது பழுதாகியிருந்தால், அதைக் கப்பல் நர்சம்மா வீட்டில்தான் கொண்டுவந்து விட்டிருப்பார். விட்டுவிட்டு, "எப்போது கிடைக்கும்?" என்று கேட்கத் தைரியமில்லாமல் வாசலிலேயே நின்றிருப்பார். நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். நானே ஒரு பகல் முழுவதும் அந்த வாசலில் கிடந்தவன். நின்றுகொண்டு அல்ல. காருக்கு அடியில், மல்லாக்க.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்த புதிது. ஒரு கப்பல் ஏஜென்சியில் எனக்குக் கிளார்க் வேலை. கல்யாணமாகாதவனுக்கு யாரும் அறை தராத ஊரில் நர்சம்மா மட்டும் தன் வீட்டு மாடியறையைக் கொடுத்தார். என் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் சொந்த ஊர் கயத்தாறு என்று முதல் நாள் சொல்லித் தொலைத்ததால், இருந்த மூன்று வருடமும் நான் அவருக்குக் 'கயத்தாறு'தான்.

நர்சம்மாவுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இடது கால் சூம்பிப்போயிருந்தது. அந்தக் காலுக்கு மட்டும் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ். அது சிமென்டுத் தரையில் 'டக்... டக்...' என்று வரும் சத்தத்துக்கு எங்கள் தெருவில் நாய்கள்கூட எழுந்து நிற்கும். ஓர் ஆஸ்பத்திரியில் இருபது வருடம் பிரசவம் பார்த்தவர், டாக்டரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். என்ன சண்டை என்று ஒருமுறை கேட்டேன்.

"நாஞ் சொன்னதுதான் சரின்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவருக்கு அது பிடிக்கல. அம்புட்டுதான்."

அதற்குப் பிறகு கடற்கரைக் குப்பங்கள், உப்பளத்துக் குடிசைகள், கொற்கை வரைக்கும் வாழைத்தோட்டத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் பிரசவம் பார்க்க அவரே குதிரைவண்டியில் போய்வந்தார். வண்டிக்காரர் தூங்குவார். குதிரையும் தூங்கும். நர்சம்மா மட்டும் விழித்திருந்து இருவரையும் திட்டிக்கொண்டே போவார். அவர் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, வாசலுக்கு வந்து வரவேற்ற கதைகள் உண்டு.

இந்த நிலைமையில்தான் அந்தக் கார் அவர் கண்ணில் பட்டது. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரி விட்டுப்போன அமெரிக்கக் கார். வெளிர்நீல நிறம், பின்னால் சுறாவின் செட்டை போல இரண்டு இறக்கை. ஒரு சரக்குக் கிட்டங்கியில் மூன்று வருடமாகக் கோழிகள் அதில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. வாங்க வந்தவர்கள் எல்லாரும் உள்ளே உட்கார்ந்து இடது காலால் தரையைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள். "ஏலே, கிளச்சக் கழத்தி வித்துட்டானுவ" என்று இறங்கிப் போய்விடுவார்கள். கழற்றவெல்லாம் இல்லை. அந்தக் காருக்குக் கிளச்சே கிடையாது. கியரை அதுவே மாற்றிக்கொள்ளும். வலது கால் ஒன்று போதும்.

நர்சம்மா குனிந்து பார்த்தார். ஆக்சிலேட்டர் ஒன்று, பிரேக் ஒன்று. மூன்றாவது இல்லை.

"மாதாவே! அதுக்குக் கிளச்சு இல்ல. எனக்கு இடதுகால் இல்ல. பொருத்தம் பாத்தாச்சு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்" என்றாராம்.

உப்பளத்துப் பொட்டலில் ஒரே வாரத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்ததால், எதிரே வருகிறவர்களுக்கு டிரைவர் இருக்கவேண்டிய இடம் காலியாகத் தெரியும். ஆளில்லாமல் ஒரு கார் தானாக வருவதைப் பார்த்து சைக்கிளோடு ஓடையில் இறங்கியவர்கள் பலர். நீளமோ, முகப்பு எங்கள் தெருவுக்குள் வந்த பிறகும் வால் பக்கம் அடுத்த தெருவில்தான் இருக்கும். ஊர் அதற்குக் 'கப்பல்' என்று பெயர் வைத்தது. அவர் கப்பல் நர்சம்மா ஆனார்.

நான் அங்கே குடிபோன இரண்டாவது வருடம் கப்பலுக்கு நோய் வந்தது. என்ஜின் உறுமும், வண்டி நகராது. நகர்ந்தால் முதுகில் யாரோ உதைத்தது போலக் குதிக்கும். ஒரு நாள் கீழூரில் ரயில்வே கேட் திறந்தபோது எல்லா வண்டியும் போன பிறகும் கப்பல் மட்டும் நடுரோட்டில் நின்று சிங்கம்போலக் கர்ஜித்துக்கொண்டிருந்தது. மீன் கூடைக்காரிகள் எட்டுப் பேர் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள். தள்ளியவர்களில் ஆறு பேருக்குப் பிரசவம் பார்த்தவர் நர்சம்மா.

பாளையங்கோட்டை ரோட்டில் பட்டறை வைத்திருந்த அண்ணாச்சிதான் ஊரிலேயே பெரிய மெக்கானிக். லாரி என்ஜினைக் காதால் கேட்டே எந்த போல்ட் லூஸ் என்று சொல்லுகிறவர். அவர் வந்து காரைச் சுற்றி மூன்று முறை நடந்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நர்சம்மா, நாஞ் சொல்லுதேன்னு கோவிக்காதீய. இந்தக் கியர்ப் பெட்டி நம்ம ஊருக்கு ஆவாது. இதத் தூக்கி அங்கன போட்டுட்டு லாரிப் பெட்டி ஒண்ணு வச்சுருவோம். கிளச்சோட, அம்சமா இருக்கும்."

"கிளச்ச யாரு மிதிக்க? பக்கத்துல ஒக்காந்து நீங்க மிதிக்கீயளா?"

"ஒரு டிரைவர வச்சுக்கிடுங்க."

"குதிரவண்டியில அஞ்சு வருசம் ஒருத்தர் தூங்குனதப் பாத்தாச்சு. போதும்."

"அப்ப இதத் திறந்து பாக்கவா? திறக்கலாம். ஆனா இதத் திறந்தவன் எவனும் திரும்ப மூடினதில்ல, பாத்துக்கிடுங்க."

 அன்று மாலை நர்சம்மா யாரையும் திட்டவில்லை. நான் குழாயைத் திறந்துபோட்டுவிட்டு மேலே போய்விட்டேன்; அதற்குக்கூட ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. எட்டிப் பார்த்தேன். காருக்குள் தனியாக உட்கார்ந்து, ஓடாத வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துக் குப்பங்களில் அந்த மாதமும் அடுத்த மாதமுமாகப் பிள்ளைப்பேற்றுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த பெண்கள் பதினோரு பேர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மறுநாள் காலை 'டக் டக்' என்று படியேறி வந்தார். கையில் காரோடு வந்த தடித்த புத்தகம்.

"ஏலே கயத்தாறு, இங்கன வா. இந்தப் பக்கத்தப் படி. நா படிச்சிட்டேன். நா படிச்சது சரியான்னு சொல்லு."

படித்தேன். கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் எண்ணெயை இத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றும், எப்படி மாற்றுவது என்றும் படத்தோடு போட்டிருந்தது.

"இது செஞ்ச நாள்ல இருந்து யாராவது மாத்திருப்பாங்களா?"

"தெரியலம்மா."

"எனக்குத் தெரியும். கோழிதான் முட்ட போட்டுது. பதினஞ்சு வருசம் ஒரே தண்ணியில குளிச்சா நீ நடப்பியால? அதுக்குப் பெட்டிய மாத்துவாங்களாக்கும்! எண்ணெய மாத்துனாப் போதும். நானே மாத்துதேன்."

அந்த எண்ணெய் மதராஸில்தான் கிடைக்கும். எழுதிப் போட்டு, இரண்டு வாரத்தில் ரயில் பார்சலில் டின்கள் வந்தன. ஒரு டின் கசிந்து மரப்பெட்டியெல்லாம் செக்கச்சிவப்பாக ஊறியிருந்தது. பார்சல் ஆபீஸ்காரர் இரண்டடி பின்வாங்கினார்.

"என்னம்மா இது, ரத்தமா?"

"ஆமா, காருக்கு ஏத்தப்போறேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார் நர்சம்மா.

குறித்த நாளில் நான் 'கடும் ஜுரம்' என்று ஆபீஸுக்கு எழுதி அனுப்பிவிட்டுக் கீழே இறங்கினேன். இறங்கியவன் படியிலேயே நின்றுவிட்டேன். நர்சம்மா பேண்ட் போட்டிருந்தார். கப்பலில் வேலை பார்த்த அவருடைய அப்பா விட்டுப்போன காக்கிப் பேண்ட், இடுப்பில் கயிறு கட்டி. எதிர்வீட்டுக்காரர் காப்பி குடிக்க வாயருகே கொண்டுபோன டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மணி நேரம் கழித்து நான் பார்த்தபோதும் டம்ளர் அங்கேதான் இருந்தது.

தோணி கட்டும் ஆசாரிமார் நாலு பேர் வந்து பனங்கட்டைகளையும் பலகைகளையும் அடுக்கிச் சரிவு போட்டிருந்தார்கள். தோணியைக் கரையேற்றுவதுபோல "ஏலேலோ" போட்டுக் காரைத் தள்ளி மேலே நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார்கள். "இந்தக் கட்ட மேல கப்பலே நிக்கும்" என்றார் மூத்தவர். "நிக்கிறது கப்பல்தான்" என்றார் நர்சம்மா.

அண்ணாச்சி தன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் ஒரு ஸ்டூல்.

"வேடிக்க பாக்க வந்தேன். தப்பா நெனைக்காதீய."

"நெனைக்கல. ஸ்டூல அந்தப் பக்கம் போடுங்க. வெளிச்சத்த மறைக்காதீய."

உட்கார்ந்த அண்ணாச்சி உடனே எழுந்தார். அடுப்பில் ஒரு பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. பிரசவக் கத்தரிகளை வேகவைக்கும் பாத்திரம். உள்ளே ஸ்பேனர்கள்.

"ஸ்பேனர அவிக்கீயளா, நர்சம்மா?"

"நீங்க அவிச்சதில்லையா?"

"இல்ல."

"பெறவு உங்க பட்டறையில வண்டி எப்படிப் பொழைக்கி?"

அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். உள்ளே தூசி போகக்கூடாது, நூல் பிரியாத துணியால் துடைக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. நர்சம்மா அலமாரியைத் திறந்து ஒரு பட்டுப்புடவையை எடுத்தார். மடிப்பு கலையாத, ஒருநாளும் கட்டாத புடவை. அரக்குச் சிவப்பு. அவருடைய அம்மா கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்தது. கத்தரியை எடுத்து, சரியாக ஒரு முழம் அளந்து, 'சர்ர்' என்று கிழித்தார்.

"அம்மா!" என்று கத்திவிட்டேன்.

"எதுக்குல கத்துத? கட்டத்தான் வாய்க்கல. தொடைக்கவாவது ஆவட்டும்."

சொல்லிவிட்டுக் காருக்கு அடியில் போய்விட்டார். இடது காலைக் கையால் தூக்கி ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, முதுகால் நகர்ந்து, ஐம்பது வயதில், ஒரு முனகல் இல்லாமல். நானும் பின்னாலேயே ஊர்ந்தேன். பீங்கான் தட்டுகளை நகர்த்திக் கொடுப்பது என் வேலை.

முதலில் என்ஜினை ஓடவிட்டு எண்ணெயைச் சூடாக்கி அணைத்திருந்தார். இப்போது அடியில் இருந்த திருகைக் கழற்றியதும் எண்ணெய் இறங்கியது. சிவப்பாக வந்திருக்க வேண்டும். கருப்பட்டிக் காப்பிபோல வந்தது. கருகிய வாடை. ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, மோந்து பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை. காய்ச்சல்கார நெற்றியைத் தொட்டவர் முகம்போல இருந்தது.

"எம்புட்டு நாளா இப்படிக் கெடந்தியோ" என்றார், காரிடம்.

பிறகு அடித்தட்டைப் பிடித்திருந்த பதினான்கு போல்ட்டையும் கழற்றி, இருந்த வரிசையிலேயே பீங்கான் தட்டில் அடுக்கினார். அடித்தட்டை இறக்கியதும் மேலே பித்தளை வலை ஒன்று தெரிந்தது. அது வலை என்று சொன்னால்தான் தெரியும். அவ்வளவு கறுப்பு மெழுகு. அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, பட்டால் துடைத்து, வெயிலுக்கு நேரே பிடித்தார். ஒவ்வொரு கண்ணும் திறந்திருந்தது. அதை மறுபடி மாட்டியபோது ஸ்டூலில் இருந்து அண்ணாச்சியின் கழுத்து ஒரு சாண் நீண்டிருந்தது.

வெளியே வந்த எண்ணெயை அளந்தார். புத்தகத்தில் பத்து அளவு என்றிருந்தது. வந்தது நாலேமுக்கால்.

"அம்புட்டுதான் வரும். புதுச ஊத்தி மூடுங்க" என்றார் அண்ணாச்சி.

"பாதி எங்க?"

"உள்ள எங்கனயாவது நிக்கும். நின்னா நிக்கட்டும்."

"பாதிய உள்ள விட்டுட்டு நா எதையும் மூடினதில்ல, அண்ணாச்சி."

"இது வண்டி, நர்சம்மா. வயிறு இல்ல."

அந்த நேரத்தில்தான் வேர்க்க விறுவிறுக்க ஒருவர் சைக்கிளில் வந்து விழாத குறையாக இறங்கினார். பழையகாயல் பக்கத்து மீன்பிடிக் குப்பம்.

"அம்மா, எந் தம்பி பெஞ்சாதிக்கு வலி கண்டுட்டு!"

காருக்கு அடியிலிருந்தே கேள்விகள் வந்தன. "எப்பத்துல இருந்து?" "விடியக்காலம்மா." "தலச்சனா?" "ஆமாம்மா." "தண்ணி ஒடஞ்சிட்டா?" "ஒடஞ்சிட்டும்மா." மூன்றாவது பதில் முடிவதற்குள் நர்சம்மா வெளியே வந்து நின்றார். முழங்கை வரை எண்ணெய். மண்ணெண்ணெயில் கழுவி, சோப்பில் கழுவி, பிரஷ் வைத்து ஒவ்வொரு நகமாகத் தேய்த்தார். சைக்கிள்காரர் தவித்தார். அண்ணாச்சி தவித்தார். நர்சம்மா சுண்டுவிரலை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். கார் மேலே நின்றது. குதிரைவண்டி எப்போதோ போய்விட்டது.

யாரும் கேட்காமலே அண்ணாச்சி மோட்டார் சைக்கிளை உதைத்தார். நர்சம்மா மருந்துப் பையோடு பின்னால் ஏறி, ஆம்பிளை மாதிரி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தார். எதிர்வீட்டு டம்ளர் அப்போதுதான் கீழே விழுந்தது என்று நினைக்கிறேன்.

வண்டி கிளம்பும் முன் என் பக்கம் திரும்பினார்.

"ஏலே கயத்தாறு! மேகாத்து அடிக்கு. அடித்தட்டு திறந்து கெடக்கு. ஒரு பொட்டு மணல் உள்ள போச்சுன்னா கார் செத்துரும். வேகவச்ச துணி அங்கன இருக்கு. நா வாற வரைக்கும் அந்த வாய மூடிப் பிடிச்சிக்கிட்டுக் கெட."

"கட்டி வச்சாப் போதாதாம்மா?"

"கட்டுனா முடிச்சு விழும். முடிச்சு வழியாக் காத்து பூந்துரும். கையாலப் பிடி!"

பிடித்தேன். பத்தரை மணிக்குப் பிடித்த கை. தூத்துக்குடியின் ஆனி மாத மேல்காற்று எப்படி இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். ஊரையே அள்ளி இன்னோர் ஊருக்குக் கொடுத்துவிடும். துணிக்கு மேலே கார், துணிக்குக் கீழே நான். அரை நிமிடத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய், சரியாக என் நெற்றியில். மீன்காரி ஒருத்தி குனிந்து பார்த்து, "உசுரு இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு" என்றேன். "அப்பச் சரி" என்று போய்விட்டாள்.

ஒரு மணி இருக்கும். பளபளவென்று பாலிஷ் போட்ட இரண்டு கறுப்பு ஷூக்கள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றன. அந்த ஷூக்களை எனக்குத் தெரியும். எங்கள் மேனேஜர். ஜுரக்காரனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். மெதுவாக அவர் முகம் தலைகீழாக இறங்கி வந்தது.

"என்னவே இது? கடும் ஜுரம்னு எழுதியிருந்தீரே?"

"ஜுரம்தான் சார்."

"யாருக்கு?"

"காருக்கு."

அவர் என் நெற்றியில் சொட்டிய எண்ணெயைப் பார்த்தார். என் வேலை போய்விட்டது என்று தீர்மானித்துவிட்டேன். ஆனாலும் துணியை விடவில்லை. வேலை போனால் வேறு ஆபீஸ் தேடலாம். மணல் போனால் நர்சம்மாவிடம் என்ன சொல்வது?

"நர்சம்மா எங்க?"

"பிரசவத்துக்குப் போயிருக்காங்க சார். அதுவரைக்கும் மணல் போகாமப் பிடிக்கச் சொன்னாங்க."

"எவ்வளவு நேரமா?"

"ரெண்டரை மணி நேரமா."

மேனேஜர் நிமிர்ந்தார். அவருடைய பிள்ளைகள் இரண்டும் நர்சம்மா கையில் பிறந்தவை. தன் குடையை விரித்து, காற்று வரும் பக்கமாகச் சாய்த்து வைத்து, பறக்காமலிருக்க ஒரு கல்லும் வைத்தார். "நாளைக்கும் லீவு எழுதிக்கிடும்" என்று சொல்லிவிட்டு, மொட்டை வெயிலில் நடந்து போனார்.

மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிள் திரும்பியது. முதலில் நர்சம்மாவின் குரல். "மணல் போச்சா?" "இல்லம்மா." "எந்திரி. சோறு தின்னியா?" "எப்படித் தின்னம்மா?" "கேட்டாப் பதில் சொல்லு, எதிர்க்கேள்வி கேக்காத" என்றபடி வீட்டுக்குள் போனார். என் கைகள் மடங்கவில்லை. காவடி எடுத்தவன் மாதிரி அப்படியே வெளியே வந்தேன்.

அண்ணாச்சி ஸ்டூலில் உட்காரவில்லை. கோயிலிலிருந்து வெளியே வந்தவர்போல நின்றிருந்தார்.

"பொம்பளப் பிள்ள. நல்லாருக்கு" என்றார். பிறகு என் பக்கத்தில் வந்து, நர்சம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "தம்பி, பிள்ளை பெறந்ததும் எல்லாரும் பிள்ளையப் பாக்கப் போயிட்டாவ. இவிய மட்டும் அந்த நஞ்சுக்கொடிய ஒரு தட்டுல வச்சு, வாசல்ல வெயிலுக்குக் கொண்டாந்து, பொரட்டிப் பொரட்டிப் பாக்காவ. 'ஒரு துண்டு கொறையுது'ன்னாவ. எனக்கு ஒண்ணும் தெரியல. கெழவிமாரெல்லாம் 'எல்லாம் வந்துட்டு, மூடும்மா'ங்காவ. இவிய கேக்கல. உள்ள போனாவ. அர மணி நேரம். நா வெளிய ஒக்காந்து வேண்டாத சாமி இல்ல. பெறவு ஒரு சின்னத் துண்டக் கொண்டாந்து அந்த இடத்துல வச்சாவ பாரு, கேஸ்கெட்டு மாதிரி பொருந்திட்டு. அது உள்ள நின்னுருந்தா அந்தப் பிள்ள ஒரு வாரத்துல தாயில்லாப் பிள்ள ஆயிருக்கும்லா."

அண்ணாச்சி மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். நர்சம்மா திரும்பி வந்தபோது அண்ணாச்சி சட்டையைக் கழற்றி ஸ்டூல் மேல் போட்டுவிட்டுக் காருக்கு அடியில் போய்க்கொண்டிருந்தார்.

"அம்மா, அந்தப் பாதிய எடுத்துருவோம். புத்தகத்த விரிங்க."

நர்சம்மா மறுபேச்சில்லாமல் விரித்துப் படித்தார். என்ஜினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில் பூசணிக்காய்போல ஓர் உருண்டை இருக்கிறது. மீதி எண்ணெய் அதற்குள்தான் நிற்கும். அதற்கும் தனியாக ஒரு திருகு உண்டு. அண்ணாச்சியின் விரல்கள் இருட்டில் தடவின. நாற்பது வருடம் இரும்போடு பேசிய விரல்கள். "இங்கன ஒரு சின்னத் தகடு இருக்கு" என்றார். தகட்டைக் கழற்றினார். உருண்டை தெரிந்தது. திருகைக் காணோம்.

"மேல் பக்கம் போயிருக்கும். முன்னால ஸ்பேனரப் போட்டு என்ஜினத் திருப்புங்க. மெதுவா" என்றார். நர்சம்மா திருப்பினார். கால் சுற்று, அரைச் சுற்று. "நில்லுங்க! வந்துட்டு, தல தெரியுது" என்று அண்ணாச்சி கத்தினார். அவர் வாயில் அந்த வார்த்தை எப்படி வந்தது என்று மூன்று பேருக்கும் புரிந்தது. நர்சம்மா முதல்முறையாக அன்று சிரித்தார்.

மீதி எண்ணெய் வந்தது. அளந்தார். முன்பு வந்ததையும் சேர்த்தால் பத்துக்கு ஒரு கரண்டி குறைந்தது.

"ஒரு கரண்டி எங்க?" என்று அண்ணாச்சியே கவலையோடு கேட்டார்.

நர்சம்மா என் முகத்தைப் பார்த்தார். "அது இவன் நெத்தியில இருக்கு."

எண்ணெய் கசியாமல் அடித்தட்டுக்கு வைக்கும் தக்கைக் கேஸ்கெட்டை அண்ணாச்சி வெட்டினார். தக்கை ஷீட்டைத் தட்டின் விளிம்பில் வைத்து, சுத்தியலின் உருண்டை முனையால் தட்டிக்கொண்டே போனார். கத்தி வைக்கவில்லை, கோடு போடவில்லை. பதினான்கு துளையும் அதனதன் இடத்தில் விழுந்தன. நர்சம்மா குனிந்து பார்த்துவிட்டு, "இது எனக்கு வராது, அண்ணாச்சி" என்றார். யாரைப் பார்த்தும் அவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணாச்சி அதைக் கேட்காததுபோல முகத்தை வைத்துக்கொள்ளப் பட்ட பாடு இருக்கிறதே!

எல்லாவற்றையும் மூடி, போல்ட்டுகளை எதிரும் புதிருமாக முடுக்கியாகிவிட்டது. இனி மேலேயிருந்து ஒரு நீளக் குழாய் வழியாகப் புது எண்ணெயை இறக்க வேண்டும். கார் வாயோ விரல் பருமன். நர்சம்மா உள்ளே போய் எனிமா டப்பாவைக் கொண்டுவந்தார். ரப்பர் குழாயோடு அதை முருங்கைக் கிளையில் தொங்கவிட்டு, டின்னை உடைத்து ஊற்றினார். சிவப்பு எண்ணெய் சொட்டுச் சொட்டாக, பிறகு நூலாக இறங்கியது. நாங்கள் மூவரும் நோயாளிப் படுக்கையைச் சுற்றி நிற்பதுபோல நின்றோம்.  தெருவில் நின்ற முப்பது பேரும் அண்ணாந்து டப்பாவையே பார்த்தார்கள்.

பாதிக்கு மேல் ஏறியதும் நர்சம்மா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் ஓடியது. விறைத்த கையோடு மீதியை நான் ஊற்ற ஊற்ற, ஸ்டீயரிங் பக்கத்துக் கியர்க் கம்பியை அங்கே பொறித்திருந்த ஒவ்வொரு எழுத்துக்கும் நகர்த்தி, ஒவ்வொன்றிலும் ஐந்து எண்ணினார். ஆசாரிமார் முட்டுகளை எடுத்தார்கள். அண்ணாச்சி பின்னால் நின்று, காரைத் தன் கையால் தாங்கிவிடலாம் என்பதுபோல இரண்டு கையையும் விரித்துக்கொண்டிருந்தார்.

"தள்ளி நில்லுங்க, அண்ணாச்சி. இனி யாரும் தள்ள வேண்டாம்."

ரிவர்ஸில் போட்டார். உறுமல் இல்லை. உதை இல்லை. வெண்ணெய் மேல் கத்தி போவதுபோலக் கப்பல் பலகைச் சரிவில் இறங்கி, அண்ணாச்சியின் ஸ்டூல்மேலும் சட்டைமேலும் ஏறி, தரைக்கு வந்தது. அண்ணாச்சி அதைக் கவனிக்கவே இல்லை. சமதளத்தில் நிறுத்தி, அளவுக்குச்சியை உருவி, பட்டில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார் நர்சம்மா. கோட்டில் நின்றது. நல்ல சிவப்பு.

அவர் கைகொட்டவில்லை. சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து, "ஏறுங்க ரெண்டு பேரும்" என்றார்.

"எங்கம்மா?"

"பழையகாயலுக்கு. காலையில பாத்துட்டு வந்தாப் போதுமா? பொழுது சாயுறதுக்குள்ள இன்னொரு தடவ தாயப் பாக்க வேண்டாமா?"

பனியன் போட்ட அண்ணாச்சி நடுவிலும், மடங்காத கையோடு நான் ஓரத்திலும் உட்கார்ந்தோம். உப்பளங்களுக்கு நடுவே ரோடு நேராகப் போகும். இரண்டு பக்கமும் உப்பு அம்பாரங்கள் மாலை வெயிலில் சிவந்து நின்றன. கார் எப்போது கியர் மாற்றுகிறது என்று அண்ணாச்சி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். அவருக்கே தெரியவில்லை. "மாத்திட்டா?" "மாத்திட்டு." "எப்ப?" "அப்பமே." ஊர் வரும்வரை அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

குப்பத்தில் தாயும் பிள்ளையும் சுகம். அந்தப் பதினோரு பேரும் அந்த மாதமும் அடுத்த மாதமுமாகச் சுகமாகப் பெற்றெடுத்தார்கள். எல்லா இடத்துக்கும் கப்பல் போனது. அண்ணாச்சி தன் பட்டறையில் ஒரு பெரிய பாத்திரம் வாங்கி ஸ்பேனர்களை வேகவைக்கத் தொடங்கினார். கேட்டவர்களிடம், "அவிச்சுப் பாத்துருக்கியால? இல்லல்ல? பெறவு?" என்பார்.

அடுத்த வருடம் எனக்குக் கொச்சிக்கு மாற்றல் வந்தது. நான் கிளம்பிய அன்று நர்சம்மா ஸ்டேஷனுக்கு வரவில்லை. முயல்தீவுப் பக்கம் ஒரு பிரசவம். அண்ணாச்சிதான் வந்தார், ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூனோடு.

"நர்சம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாவ, தம்பி."

"என்ன அண்ணாச்சி?"

"கொச்சியில மழ ஜாஸ்தியாம். நனையப்பிடாதாம். நனைஞ்சா அங்கன யாரு பாக்கன்னு கேட்டாவ."

கொச்சியில் வருடத்தில் பாதி நாள் மழை. ஊரே நனைந்துகொண்டு போகும். நான் மட்டும் ஏதாவது கடையோரம் ஒதுங்கி, மழை முழுவதும் விடும்வரை நிற்பேன். யாராவது பார்த்துவிட்டுப் போய்த் தூத்துக்குடியில் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.